12 வருட டெஸ்க்டாப்: எஸ்எஸ்டி போட்டால் போதுமா, புதிதாகவே வாங்கிவிடலாமா?

தேவகோட்டை_டிடிபி
2025 டிசம்பர் 19, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். தேவகோட்டையில் டிடிபியும் ஜெராக்ஸும் சேர்த்து ஒரு சின்னக் கடை நடத்துகிறேன். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது கையில் இருந்தது தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் சர்டிபிகேட் ஒன்றுதான். அதை வைத்துத்தான் கடை வளர்ந்தது. திருமணப் பத்திரிகை, காதணி விழா, புதுமனை புகுவிழா, பில் புக், கோயில் நோட்டீஸ் என்று வருவதெல்லாம் செய்வேன். மார்கழியில் கல்யாண வேலை கிடையாது. தை பிறந்துவிட்டால் நிமிர நேரம் இருக்காது. அதனால் இந்த மாதத்துக்குள் கம்ப்யூட்டர் விஷயத்தில் ஒரு முடிவுக்கு வர வேண்டும்.

2014 ஆரம்பத்தில் அசெம்பிள் செய்தது. கோர் ஐ3 4130, எச்81 போர்டு, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். வாங்கும்போது விண்டோஸ் 7. 2016இல் இலவசமாகக் கொடுத்தபோது விண்டோஸ் 10க்கு மாற்றினேன். பக்கம் வடிவமைக்க பேஜ்மேக்கர் 7, போட்டோஷாப் 7, டாங்கிள் (மிஷினில் செருகும் சின்னப் பூட்டுக் கருவி) போட்டால்தான் திறக்கும் தமிழ் எழுத்துரு மென்பொருள், அப்புறம் பில், ஜிஎஸ்டி, வாட்ஸ்அப் வெப் எல்லாம் இந்த ஒரே மிஷினில்தான்.

இப்போது ஆன் செய்து வேலை தொடங்க 14 நிமிடம் ஆகிறது. போன வாரம் விடியற்காலை 5 மணிக்கு அடுத்த தெருப் பையன் கதவைத் தட்டினான். அப்பா தவறிவிட்டார், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஏழு மணிக்குள் வேண்டும் என்றான். போட்டோவை போனில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றான். மிஷின் திறக்கவே கால் மணி நேரம். திறந்த பிறகு போட்டோஷாப் இரண்டு முறை அப்படியே நின்றுவிட்டது. அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை.

கடையில் கேட்டால், "இதைத் தூக்கிப் போடுங்க" என்று புதிதுக்கு 46,000 ரூபாய் எஸ்டிமேட் கொடுத்தார்கள். என் சித்தி மகன், ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்எஸ்டியும், கூடவே 8 ஜிபி ராமும் போட்டால் ஏழாயிரத்தில் முடியும் என்கிறான். எதைச் செய்யலாம்?

கணக்குப்புலி
2025 டிசம்பர் 19, இரவு 10.25

தங்கச்சி, புதிது வாங்குங்கள். நான் கணக்கு எழுதுகிறவன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். ஒரு நாளைக்கு அரை மணி நேரம் மிஷினுக்காகக் காத்திருந்தால் வருடத்துக்கு 300 வேலை நாளில் 150 மணி நேரம் போகிறது. அது ஒரு மாத உழைப்பு. வருமான வரியில் கம்ப்யூட்டருக்கு வருடம் 40 சதவீதம் தேய்மானம் எழுதலாம். நீங்கள் ரெகுலர் ஜிஎஸ்டியில் இருந்தால் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம். 12 வருடம் உழைத்துவிட்டது, போதும்.

இன்னொன்று, இதைத்தான் பெரிதாக நினைக்கிறேன். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தரும் ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெலில் 8ஆம் தலைமுறை பிராசஸரும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். உங்களுடையது 4ஆம் தலைமுறை. நெட் பேங்கிங் பார்க்கும் மிஷினில் பாதுகாப்பு அப்டேட் இல்லாமல் இருக்கக் கூடாது.

சாலிடர்புகை
2025 டிசம்பர் 19, இரவு 11.05

அக்கா, இன்றைக்கு எதையும் வாங்காதீர்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் 18 வருடமாக இந்த வேலைதான் பார்க்கிறேன். "ஸ்லோவா இருக்கு" என்று வரும் டெஸ்க்டாப்பில் பத்துக்கு ஏழு எட்டில் கோளாறு ஹார்ட் டிஸ்க்கில்தான் இருக்கும். ஆனால் பார்க்காமல் சொல்ல முடியாது. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். மெதுவாக இருக்கும் நேரத்தில் சிபியு, மெமரி, டிஸ்க் மூன்றில் எது உச்சத்தில் நிற்கிறது என்று பாருங்கள்.

ஏன் டிஸ்க் என்று சந்தேகப்படுகிறேன் என்றால், அந்தத் தட்டு நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றுகிறது, அதாவது ஒரு நொடிக்கு 120. தேவையான இடம் ஊசிக்குக் கீழே வர சராசரியாக அரைச் சுற்று, 4 மில்லி செகண்ட். ஊசி அந்தத் தடத்துக்கு நகர இன்னொரு 9 மில்லி செகண்ட். ஆகவே இங்கொன்று அங்கொன்றாகக் கிடக்கும் சின்னச் சின்னத் தகவலை எடுக்கச் சொன்னால் நொடிக்கு எழுபது எண்பதுதான் எடுக்கும். விண்டோஸ் 10 திறக்கும்போது அப்டேட், ஆன்டிவைரஸ், தேடல் பட்டியல் எல்லாம் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கில் கேட்கின்றன. எஸ்எஸ்டியில் சுற்றும் தட்டும் இல்லை, ஊசியும் இல்லை. சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே அந்த மாதிரித் தகவலை நொடிக்குப் பல்லாயிரம் எடுத்துக் கொடுக்கும்.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. நல்ல நிலையில் உள்ள ஹார்ட் டிஸ்க் என்றால் இரண்டு மூன்று நிமிடத்தில் திறந்துவிட வேண்டும். 14 நிமிடம் என்பது வயது மட்டும் இல்லை. கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. அதை ஓட்டி, திரையில் வருவதை அப்படியே இங்கே எழுதுங்கள். அப்புறம், உங்கள் ஃபைல்களுக்கு வேறு எங்காவது நகல் இருக்கிறதா?

தேவகோட்டை_டிடிபி
2025 டிசம்பர் 20, காலை 10.50

தம்பி, நீங்கள் சொன்னபடி பார்த்தேன். டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறது, சிபியு 8, மெமரி 71. கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை என்று வருகிறது. ஓடிய நேரம் 31,000 மணிக்கு மேல். பட்டியலில் 05 என்ற வரியில் கடைசியில் 28. சி5 என்ற வரியில் டி8. சி6 வரியிலும் டி8. சி7 வரியில் சுழி.

நகல் என்றால் 2019இல் ஒரு பென் டிரைவில் கொஞ்சம் போட்டு வைத்தேன். அவ்வளவுதான். 12 வருடத்துப் பத்திரிகை எல்லாம் இந்த டிஸ்க்கில்தான் இருக்கிறது. அக்காவுக்குச் செய்த மாதிரியே தங்கைக்கும் என்று கேட்டு வருவார்கள். பழைய ஃபைலைத் திறந்துதான் பெயர் மாற்றுவேன்.

சாலிடர்புகை
2025 டிசம்பர் 20, காலை 11.15

அக்கா, இதைப் படித்ததும் மிஷினை அணைத்துவிடுங்கள். முழுவதும் படித்துவிட்டு அணைத்தால் போதும்.

அந்த மென்பொருள் எண்களைப் பதினாறடிமானத்தில் காட்டும். டி8 என்றால் 216. படிக்க முயன்று படிக்க முடியாமல் டிஸ்க் சந்தேகப்பட்டியலில் வைத்திருக்கும் செக்டர்கள், அதாவது தகவல் எழுதும் சின்னச் சின்னக் கட்டங்கள், 216. 28 என்றால் 40, அவ்வளவும் ஏற்கெனவே பழுது என்று ஒதுக்கி உபரி இடத்துக்கு மாற்றப்பட்டவை. சி7 சுழி என்பதால் கேபிளில் கோளாறு இல்லை. டிஸ்க்கே போய்க்கொண்டிருக்கிறது. மோசமான ஓர் இடத்தில் மாட்டினால் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். அந்த நொடிகளில்தான் உங்கள் போட்டோஷாப் நின்றது.

ஆகவே புதிதா பழையதா என்ற கேள்வியை இரண்டு நாள் ஒதுக்கி வையுங்கள். முதலில் ஃபைல்களைக் காப்பாற்ற வேண்டும். இதில் யார் என்ன சொன்னாலும் பிழை திருத்தும் செக் டிஸ்க் ஓட்டாதீர்கள், ஃபைல்களை ஒழுங்காக அடுக்கும் டிஃப்ராக் ஓட்டாதீர்கள், ஃபார்மட் பேச்சே வேண்டாம். சாகக் கிடக்கும் டிஸ்க்கை அவை இன்னும் அலைக்கழிக்கும். ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கி, எது போனால் திரும்பக் கிடைக்காதோ அதை முதலில் எடுங்கள். விண்டோஸ் திரும்பக் கிடைக்கும். உங்கள் பத்திரிகை ஃபைல்கள் கிடைக்காது.

யாழ்_அச்சகம்
2025 டிசம்பர் 20, மதியம் 1.30

வணக்கம் தங்கச்சி. யாழ்ப்பாணத்தில் எங்களுக்கும் சிறிய அச்சகம். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்குப் போனபோது புதுக் கணினியை நினைத்தும் பார்க்க முடியவில்லை. கொழும்பு யூனிட்டி பிளாசாவில் ஒரு வாரம் சொன்ன விலை அடுத்த வாரம் இருக்காது. அதனால் பழைய கணினியையே இழுத்துக்கொண்டு ஓடினோம். வன்தட்டு டக் டக் என்று சத்தம் போட்டது. வேலை முடியட்டும், ஞாயிற்றுக்கிழமை பார்ப்போம் என்று விட்டேன். சனிக்கிழமை நின்றுவிட்டது.

அந்தியேட்டிக் கல்வெட்டுகள்தான் போனதில் பெரிது. எங்கள் பக்கம் 31ஆம் நாளுக்கு அச்சடிக்கிற நினைவுப் புத்தகம். ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பத்தின் வம்சாவளி, பழைய படங்கள் இருக்கும். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் கேட்டால் கொடுக்க இருந்தவை. எல்லாம் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தவை. பதினொரு வருட வேலை. ஞாயிற்றுக்கிழமை வரை வைக்காதீர்கள்.

பெங்குவின்தாசன்
2025 டிசம்பர் 20, மாலை 6.20

நான் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி லேபைப் பார்த்துக்கொள்கிறேன். முக்கியமான ஃபைல்களை எடுத்த பிறகு முழு டிஸ்க்கையும் நகல் எடுக்க டிடிரெஸ்க்யூ என்ற கருவியைப் பயன்படுத்துங்கள். விண்டோஸ் மாதிரி இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் பென் டிரைவிலிருந்து இயக்கி அதற்குள்ளிருந்து ஓட்டலாம், எதையும் நிறுவ வேண்டாம். சாதாரண குளோனிங் மென்பொருள் பழுதான இடத்தில் நின்றுவிடும். இது முதலில் நல்ல இடங்களையெல்லாம் எடுத்துவிட்டு, பழுதான இடங்களுக்குக் கடைசியில் திரும்ப வரும். எது முடிந்தது, எது மிச்சம் என்று ஒரு மேப் ஃபைலில் குறித்துக்கொள்ளும். நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அந்த மேப் ஃபைலை வேறொரு பென் டிரைவில் வையுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. எஸ்எஸ்டி வாங்கும்போது 480 ஜிபி வாங்காதீர்கள். உங்கள் ஹார்ட் டிஸ்க் 500 ஜிபி, அப்படியே நகல் எடுத்தால் 480இல் அடங்காது. 500 அல்லது 512 வேண்டும். இரண்டாவது, எதிலிருந்து எதற்கு என்ற வரிசை மாறிவிட்டால் காலியான எஸ்எஸ்டி உங்கள் டிஸ்க்கின் மேல் எழுதப்பட்டுவிடும். டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பரைத் திரையில் தெரிவதோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே என்டரைத் தட்டுங்கள்.

இது முடிந்ததும் லினக்ஸ் மின்ட்டுக்கே மாறிவிடலாம் என்பது என் கருத்து. அந்த ஐ3இல் நன்றாக ஓடும்.

நெல்லை_எழுத்துரு
2025 டிசம்பர் 20, இரவு 8.45

லினக்ஸ் நல்லதுதான். ஆனால் அவர் வேலை பேஜ்மேக்கரில். 2001இல் வந்த பேஜ்மேக்கர் 7க்கு இன்றைய பொது எழுத்துக் குறியீடான யூனிகோட் தெரியாது. பழைய எட்டு பிட் எழுத்துருக்கள்தான் வேலை செய்யும், அவற்றுக்கென்று ஒரு விசைப்பலகை மென்பொருள், அதைத் திறக்க ஒரு டாங்கிள். இது ஒரு சங்கிலி, ஒரு கண்ணி விட்டால் எல்லாம் நின்றுவிடும். எஸ்டிமேட் போட்ட கடைக்காரர் இதைப் பற்றிக் கேட்டாரா என்று தெரியவில்லை.

அக்கா, இரண்டு விஷயம் சொல்லுங்கள். உங்கள் விண்டோஸ் 32 பிட்டா, 64 பிட்டா? அந்த டாங்கிள் யுஎஸ்பியில் செருகுவதா, இல்லை பின்னால் பிரிண்டருக்கென்று இருந்த 25 துளை போர்ட்டில் செருகுவதா?

தேவகோட்டை_டிடிபி
2025 டிசம்பர் 21, காலை 7.10

நேற்றே காரைக்குடிக்கு ஆள் அனுப்பி 1 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கிவிட்டேன். இரவு முழுக்கக் காப்பி ஓடியது. கல்யாணம், கோயில் ஃபோல்டர்கள் வந்துவிட்டன. 2017 ஃபோல்டரில் மாட்டி நின்றது, அதைத் தாண்டி மற்றதை எடுத்தேன். இதை என் மகளின் லேப்டாப்பிலிருந்து எழுதுகிறேன். மிஷின் அணைந்திருக்கிறது.

யாழ்ப்பாணத்து அண்ணா, உங்கள் பதிவைப் படித்த பிறகுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

நெல்லைத் தம்பிக்கு: விண்டோஸ் 32 பிட். டாங்கிள் பின்னால் இருக்கும் அந்தப் பெரிய போர்ட்டில்.

நெல்லை_எழுத்துரு
2025 டிசம்பர் 21, காலை 9.30

அப்படியானால் இந்த இழையில் இதுவரை சொன்ன இரண்டு தீர்வுமே உங்களுக்கு முழுதாகப் பொருந்தாது.

46,000 ரூபாய் மிஷினில் அந்த 25 துளை போர்ட் இருக்காது. யுஎஸ்பியிலிருந்து பேரலல் போர்ட்டாக மாற்றும் கேபிள் கிடைக்கிறதே என்பார்கள். அது பிரிண்டருக்கு வேலை செய்யும், டாங்கிளுக்குப் பெரும்பாலும் செய்யாது. பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு போட்டுப் பார்க்கலாம், சிலவற்றில் ஒத்துவரும், சிலவற்றில் வராது. போர்ட் கிடைத்தாலும் விண்டோஸ் 11இல் 32 பிட் பதிப்பே இல்லை. பழைய டாங்கிளுக்கு 64 பிட் டிரைவர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 1990களின் கடைசியில் வந்த மென்பொருளாக இருந்தால் அதன் இன்ஸ்டாலர் 16 பிட்டாக இருக்கலாம். 64 பிட் விண்டோஸில் 16 பிட் நிரல் ஓடவே ஓடாது.

சித்தி மகன் சொன்ன 8 ஜிபி ராமும் வீண். 32 பிட் விண்டோஸ் 4 ஜிபிக்கு மேல் பயன்படுத்தாது. அதிலும் கிராஃபிக்ஸுக்கும் மற்றதற்கும் போக மூன்றே கால், மூன்றரை ஜிபிதான் கைக்கு வரும். ராமை விட்டுவிடுங்கள், எஸ்எஸ்டி மட்டும் போதும்.

சாலிடர்புகை
2025 டிசம்பர் 21, காலை 10.05

32 பிட் என்று நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். நெல்லை சொல்வது முழுக்கச் சரி.

பின்னால் படிக்கிறவர்களுக்காக இதையும் எழுதிவிடுகிறேன். 64 பிட் வைத்திருந்து இந்தத் தலைமுறை போர்டுக்கு டிடிஆர்3 ராம் வாங்குகிறவர்கள் கவனியுங்கள். ஆன்லைனில் மலிவாக வரும் 8 ஜிபி துண்டுகளில் சில ஏஎம்டி போர்டுக்கு மட்டும் என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும். அது இன்டெல் போர்டில் திரையே வராமல் நிற்கும். வாரத்துக்கு ஒருவராவது அதைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

அக்கா, எச்81 போர்டில் டிஸ்க்கை மாட்ட நான்கு சாட்டா போர்ட் இருக்கும். அதில் இரண்டுதான் 6 ஜிகாபிட், மற்ற இரண்டு 3 ஜிகாபிட். போர்டிலேயே அச்சிட்டிருக்கும், எஸ்எஸ்டியை 6இல் போடுங்கள். மாறிப் போட்டாலும் ஓடும், பெரிய ஃபைல் காப்பி செய்யும்போது பாதி வேகம்தான் வரும். மூடியைத் திறக்கும்போது எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி) ஃபேன் தூசியையும் தள்ளுங்கள். போர்டில் எங்காவது கெபாசிட்டர் தலை உப்பியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கணக்குப்புலி
2025 டிசம்பர் 21, மதியம் 12.40

டாங்கிள் விஷயம் எனக்குத் தெரியாது. புதிது வாங்கச் சொன்னது அவசரம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாதுகாப்புப் பற்றிச் சொன்னதை விடமாட்டேன். எஸ்எஸ்டி போட்டு வேகமானதும் அதே மிஷினில் நெட் பேங்கிங் தொடரும், அதுதான் என் கவலை. விண்டோஸ் 7, 8.1இல் என்ன நடந்தது? விண்டோஸுக்கு ஆதரவு போனது, அப்புறம் 2023இல் குரோம் 109ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. விண்டோஸ் 10க்கும் ஒருநாள் அது வரும்.

பெங்குவின்தாசன்
2025 டிசம்பர் 21, மதியம் 1.15

இப்போதைக்கு ஒரு வழி இருக்கிறது. வீட்டு உபயோகத்துக்கான விண்டோஸ் 10க்கு ஒரு வருடம் கூடுதல் பாதுகாப்பு அப்டேட் தருகிறார்கள், 2026 அக்டோபர் 13 வரை. பதிப்பு 22எச்2 ஆக இருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை ஒத்திசைக்க ஒத்துக்கொண்டால் பணம் கட்ட வேண்டாம். அப்டேட் பக்கத்திலேயே சேர்வதற்கான இணைப்பு வரும். அதனால் அவசரப்பட்டு இந்த மாதமே வாங்க வேண்டியதில்லை, பத்து மாதம் கிடைக்கிறது.

பிராசஸர் சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11 போடும் வழியும் இணையத்தில் கிடைக்கிறது. ஐ3 4130இல் அது ஓடவும் ஓடும். லேபில் போட்டுப் பார்த்திருக்கிறேன். ஆனால் அப்படிப் போட்ட மிஷினுக்கு அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை. விளையாடிப் பார்க்கிற மிஷினுக்குச் சரி. கல்யாணத் தேதிக்கு முன்னால் பத்திரிகை கொடுக்க வேண்டிய மிஷினில் நான் செய்யமாட்டேன். உங்கள் விஷயத்தில் 64 பிட் ஆகிவிடும் என்பதால் டாங்கிளும் போய்விடும்.

தேவகோட்டை_டிடிபி
2025 டிசம்பர் 29, இரவு 9.00

தாமதத்துக்கு மன்னிக்கவும். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

500 ஜிபி எஸ்எஸ்டி நான்காயிரத்துச் சொச்சம் ஆயிற்று. என் மகள் அரையாண்டு விடுமுறையில் வந்திருந்தாள். அவள்தான் பெங்குவின் தம்பி சொன்னபடி பென் டிரைவ் தயார் செய்தாள். சீரியல் நம்பரை நான் வாசித்தேன், அவள் திரையில் பார்த்தாள், பிறகு அவள் வாசித்தாள், நான் பார்த்தேன். மாலை 6 மணிக்குத் தொடங்கியது. பத்து மணிக்குள் பெரும்பகுதி முடிந்தது. மிச்சமிருந்த பழுதான இடங்களோடு மட்டும் விடியும்வரை மல்லுக்கட்டியது. கடைசியில் படிக்க முடியாமல் போனது 100 கேபி அளவுதான்.

புதியதை மாட்டி, பழையதைக் கழற்றிவிட்டு ஆன் செய்தோம். 40 நொடி. இரண்டாம் முறை ஆன் செய்தபோது 31. டாங்கிளும் வேலை செய்கிறது, எழுத்துரு எல்லாம் அப்படியே இருக்கிறது, ஒன்றையும் திரும்ப நிறுவ வேண்டியிருக்கவில்லை. பேஜ்மேக்கர் தட்டியவுடன் வருகிறது.

ஒரு சந்தேகம். அந்த 100 கேபி எந்த ஃபைலில் போயிருக்கும்? திறந்து பார்க்காமல் எப்படிக் கண்டுபிடிப்பது? ஆயிரக்கணக்கில் இருக்கின்றன.

சாலிடர்புகை
2025 டிசம்பர் 29, இரவு 9.50

பழையதைக் கழற்றிவிட்டு ஆன் செய்தது மிகச் சரி. ஒரே அடையாளத்தோடு இரண்டு டிஸ்க் இருந்தால் விண்டோஸ் குழம்பும். செக் டிஸ்க் ஓட்டுவதானால் இனி எஸ்எஸ்டியில் ஓட்டலாம், பழையதில் வேண்டாம். மேப் ஃபைல் இருக்கிறதல்லவா, அதை அழிக்காதீர்கள். கேள்விக்குப் பதில் பெங்குவின் சொல்வார்.

பெங்குவின்தாசன்
2025 டிசம்பர் 29, இரவு 10.30

மேப் ஃபைலில் பழுது என்று குறித்த இடங்களை மட்டும் நிரப்ப டிடிரெஸ்க்யூவில் ஒரு வசதி உண்டு. அந்த இடங்களில் நாமே ஓர் அடையாள வரியை எழுதச் செய்யலாம். வேறு எங்கும் வராத ஒரு சொற்றொடராக இருக்க வேண்டும். பிறகு லினக்ஸில் எல்லா ஃபைலுக்குள்ளும் அந்த வரியைத் தேடினால் எதற்குள் இருக்கிறதோ அந்த ஃபைல்தான் சேதமானது. எஸ்எஸ்டியில்தான் எழுதப் போகிறோம் என்பதை மறுபடி ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் மகளுக்குக் கட்டளையைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.

தேவகோட்டை_டிடிபி
2026 ஜனவரி 2, மாலை 5.15

மூன்று ஃபைல் கிடைத்தது. ஒன்று விண்டோஸ் தற்காலிக ஃபைல். ஒன்று 2017இல் செய்த ஒரு சஷ்டியப்தபூர்த்திப் பத்திரிகை. இன்னொன்று ஒரு வாடிக்கையாளரின் லெட்டர்ஹெட். அவ்வளவுதான் போயிருக்கிறது. பத்திரிகையின் புரூஃப் தாள் என் கோப்பில் இருந்தது, அதைப் பார்த்து உட்கார்ந்து திரும்ப அடித்துவிட்டேன்.

இப்போது இரண்டாவது பாதிக்கு வருகிறேன். வாட்ஸ்அப் வெப்பும் பேஜ்மேக்கரும் சேர்ந்து திறந்தால் மெமரி 85, 90 என்று ஏறுகிறது. கணக்குப்புலி சார் சொன்ன பாதுகாப்பும் மனதில் இருக்கிறது. கூடுதல் அப்டேட்டில் சேர்ந்துவிட்டேன். அக்டோபருக்குப் பிறகு என்ன செய்யலாம்?

கணக்குப்புலி
2026 ஜனவரி 2, இரவு 8.20

இரண்டு மிஷின் வைத்துக்கொள்ளுங்கள். பழையது பேஜ்மேக்கருக்கும் டாங்கிளுக்கும் மட்டும். அக்டோபருக்குள் அதிலிருந்து இணையத்தைப் பிடுங்கிவிடுங்கள். பில், ஜிஎஸ்டி, பேங்க், வாட்ஸ்அப் எல்லாம் இன்னொன்றில். அந்த வேலைக்கு 46,000 தேவையே இல்லை.

சாலிடர்புகை
2026 ஜனவரி 2, இரவு 9.35

கணக்குப்புலி சார் சொல்வதுதான் என் கருத்தும். பெரிய கம்பெனிகள் கழித்துவிடும் டெஸ்க்டாப்களைச் சுத்தம் செய்து விற்கிறார்கள். 2018இல் வந்த ஐ5 8500 போட்டது கிடைத்தால் எடுங்கள். ஆறு கோர், 8ஆம் தலைமுறை, விண்டோஸ் 11க்கு அதிகாரப்பூர்வ அனுமதி உண்டு. அதே மாதிரி டப்பாவில் 6ஆம், 7ஆம் தலைமுறையும் சுற்றுகிறது, பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். "ஐ5" என்று மட்டும் சொன்னால் விடாதீர்கள், முழு எண்ணைக் கேளுங்கள். கடையிலேயே ஆன் செய்து எஸ்எஸ்டியின் ஆரோக்கியத்தைப் பாருங்கள், இப்போது உங்களுக்கே படிக்கத் தெரியும். எஸ்எம்பிஎஸ் அந்தக் கம்பெனிக்கே உரிய அளவில் இருக்கும், போனால் எந்தக் கடையிலும் கிடைக்காது. அதனால் வாரன்டி எழுதிய பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

அக்டோபர் வரை காத்திருக்கச் சொல்லமாட்டேன். ஏஐ சர்வர்களுக்கு எல்லா மெமரியும் போவதால் 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிக்கொண்டே இருக்கிறது. மைக்ரான் கம்பெனி க்ரூஷியல் என்ற பெயரில் கடைகளுக்கு விற்பதையே நிறுத்தப் போவதாக டிசம்பரில் அறிவித்துவிட்டது. எஸ்எஸ்டி விலையும் அதே வழியில்தான் போகிறது. ஏற்கெனவே 16 ஜிபி போட்டு விற்கும் மிஷினைப் பழைய சரக்கு விலையில் எடுத்துவிடுவது நல்லது.

யாழ்_அச்சகம்
2026 ஜனவரி 3, காலை 8.10

தங்கச்சி, டாங்கிளும் ஒருநாள் போகும். அதற்குப் பிறகு பழைய கணினி நல்லபடி இருந்தும் பயனில்லை. புது வேலைகளை மெல்ல யூனிகோடில் செய்யப் பழகுங்கள். நாங்கள் வன்தட்டுப் போன பிறகு அப்படித்தான் தொடங்கினோம். முதல் மூன்று மாதம் கை ஓடவில்லை, இப்போது பரவாயில்லை.

நெல்லை_எழுத்துரு
2026 ஜனவரி 3, காலை 9.00

வழிமொழிகிறேன். தமிழ் டைப்ரைட்டர் அமைப்பிலேயே யூனிகோடில் அடிக்கலாம் என்பதால் அக்கா விரல் பழக்கத்தை மாற்ற வேண்டாம். பழைய உரைகளை மாற்ற என்எச்எம் கன்வெர்ட்டர் மாதிரிக் கருவிகள் இருக்கின்றன. உங்கள் எழுத்துரு எந்தக் குறியேற்றத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் போதும். ஒரு பத்திரிகையின் உரையை மட்டும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். மாற்றிய பிறகு ஒற்றெழுத்துகளை ஒருமுறை வாசித்துச் சரிபார்க்க வேண்டும், அங்கேதான் பிழை விழும்.

தேவகோட்டை_டிடிபி
2026 ஜனவரி 24, இரவு 10.15

தை பிறந்ததிலிருந்து இப்போதுதான் உட்கார்ந்தேன். ஒன்பது நாளில் 23 பத்திரிகை போயிருக்கிறது. பழைய மிஷின் ஒரு நாளும் நிற்கவில்லை.

ஐ5 8500 ஒன்று, 16 ஜிபி ராமோடு, 18,500 ரூபாய்க்கு ஒரு வருட வாரன்டி பில்லோடு வாங்கிவிட்டேன். கடையில் முதலில் காட்டியது 6500. முழு எண்ணைக் கேட்டதும் உள்ளே போய் வேறொன்றை எடுத்து வந்தார். பில், பேங்க், வாட்ஸ்அப் எல்லாம் அதற்கு மாறிவிட்டன. பழையதில் நெட் கேபிளைக் கழற்றிவிட்டேன். இரண்டுக்கும் நடுவில் பென் டிரைவ்தான். எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஒவ்வொரு ஞாயிறும் நகல் எடுக்கிறேன். இன்னொரு நகலை மகள் தன் ஹாஸ்டலுக்கு எடுத்துப் போயிருக்கிறாள்.

பழைய ஹார்ட் டிஸ்க்கின் மேல் "பழுது, எதுவும் எழுதாதே" என்று ஒட்டி பீரோவில் வைத்திருக்கிறேன். இன்று காலை கோயில் கும்பாபிஷேக நோட்டீஸ் ஒன்றை புது மிஷினில் யூனிகோடிலேயே அடித்தேன். "ஸ்ரீ" மட்டும் ஒரு எழுத்துருவில் உடைந்து வருகிறது. நெல்லைத் தம்பி, படம் அனுப்பியிருக்கிறேன், நேரம் கிடைக்கும்போது பாருங்கள்.